மார்க் குறைஞ்சா ட்யூஷன் மாத்துறோம்... தூக்கம் வருதான்னு கேட்டோமா?

அரையாண்டு மார்க் வீட்டுக்கு வரும் நாளில் பேச்சு எப்படிப் போகும் என்று நமக்கே தெரியும். "காலாண்டுல 82 எடுத்தவன் இப்ப 51. என்னடா நடக்குது?" பையனிடம் பதில் இருக்காது. ஒரு வாரத்துக்குள் போன் பீரோவுக்குள் போகும், ட்யூஷன் சார் மாறுவார், காலை 5 மணி அலாரம் 4 மணியாகும். சோம்பேறித்தனத்துக்கு இதெல்லாம் சரியான வைத்தியமாகக்கூட இருக்கலாம். ஆனால், அந்த 51-க்குக் காரணம் பதற்றமோ மனச்சோர்வோ என்றால் இதே வைத்தியம் நிலைமையை மோசமாக்கும். தூக்கம் இன்னும் குறையும். நண்பர்களோடு இருந்த தொடர்பும் அறுந்துபோகும். 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்று அந்தப் பிள்ளை மனசுக்குள் நினைத்துக்கொண்டிருந்ததை வீடே உறுதி செய்த மாதிரி ஆகிவிடும்.

படிக்காத பிள்ளைக்கும் படிக்க முடியாத பிள்ளைக்கும் ப்ராக்ரஸ் ரிப்போர்ட்டில் ஒரே நம்பர்தான் வரும். வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க வேண்டியது பெரியவர்களின் வேலை. நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் பெரும்பாலும் அந்த வேலை நடப்பதே இல்லை.

ஒரு வகுப்பில் எத்தனை பேர்?

பெங்களூரு நிமான்ஸ் நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வு (2015-16), 13 முதல் 17 வயதுள்ளவர்களில் 7.3 சதவிகிதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாகச் சொன்னது. பெருநகரங்களில் மட்டும் அது 13.5 சதவிகிதம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு 10 முதல் 19 வயதுள்ளவர்களில் ஏழு பேரில் ஒருவர். 40 பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பறைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். குறைந்த கணக்கில் மூன்று பேர், கூடுதல் கணக்கில் ஐந்தாறு பேர்.

இதைவிடப் பெரிய ஒரு எண்ணும் அடிக்கடி ஷேர் ஆகும். 2022-ல் என்.சி.இ.ஆர்.டி. 6 முதல் 12-ம் வகுப்பு வரையிலான சுமார் 3.79 லட்சம் மாணவர்களிடம் எடுத்த சர்வேயில், 81 சதவிகிதம் பேர் படிப்பு, தேர்வு, ரிசல்ட் ஆகியவற்றால் பதற்றம் வருவதாகச் சொன்னார்கள். இந்த 81 பேரும் நோயாளிகள் கிடையாது. எக்ஸாமுக்கு முந்தின நாள் வயிறு கலங்குவது எல்லோருக்கும் நடப்பதுதான். கொஞ்சம் டென்ஷன் இருந்தால் வேலை நன்றாக நடக்கும், அளவு தாண்டினால் கெட்டுப்போகும் என்று யெர்க்ஸ், டாட்சன் என்ற இரு உளவியலாளர்களின் பெயரால் 1908 முதலே ஒரு விதி இருக்கிறது. எக்ஸாம் முடிந்த பிறகும் போகாத பதற்றம், சாப்பாடு, தூக்கம், ஸ்கூலுக்குப் போவது என அன்றாட வாழ்க்கையில் கைவைக்கும் பதற்றம் வேறு ரகம். நாம் பேசுவது அதைப் பற்றித்தான்.

தெரிஞ்ச பதில் ஏன் வரல?

"வீட்ல சொன்னேன்மா, ஹால்ல போய் உக்காந்ததும் எல்லாம் பிளாங்க் ஆயிடுச்சு." இதை சாக்கு என்று நினைக்கும் அப்பா அம்மாக்களுக்காக, மூளையில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விளக்கமாகவே பார்த்துவிடலாம்.

ஒரு கணக்கைப் போடும்போது கேள்வியில் கொடுத்த எண்கள், பொருத்த வேண்டிய சூத்திரம், இதுவரை வந்த விடை, அடுத்த படி என எல்லாவற்றையும் சில விநாடிகள் ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைத்திருக்க வேண்டும். இதற்குப் பயன்படும் தற்காலிக இடத்தை வொர்க்கிங் மெமரி என்கிறார்கள். அது ரொம்பச் சின்ன இடம். கடை கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டி மேஜை மாதிரி, சில பொருட்களைத்தான் வைக்க முடியும். 'ஃபெயில் ஆயிடுவேனோ', 'அப்பா என்ன சொல்வார்', 'பக்கத்துல இருக்கறவ அடிஷனல் ஷீட் வாங்கிட்டா' என்ற நினைப்புகள் அந்த மேஜையில்தான் வந்து உட்காருகின்றன. சூத்திரத்துக்கு இடமில்லாமல் போய்விடுகிறது. ஹாலை விட்டு வெளியே வந்து பத்தாவது நிமிஷம் விடை ஞாபகம் வரும். படித்தது எங்கும் போகவில்லை. இடம் காலியானதும் வெளியே வந்தது, அவ்வளவுதான். கணக்கு, இயற்பியல் மாதிரி பல படிகளைக் கோத்துச் செய்ய வேண்டிய பாடங்களில் அடி பலமாக விழுவதும் இதனால்தான்.

இதை ஓரளவு சரிசெய்ய முடியும் என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2011-ல் 'சயின்ஸ்' இதழில் ஹெரார்டோ ராமிரெஸ், சயன் பைலாக் இருவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தேர்வுக்குச் சற்று முன்பு பத்து நிமிஷம், தனக்கு என்ன பயமாக இருக்கிறது என்பதை பேப்பரில் எழுதச் சொன்னார்கள். தேர்வு என்றாலே அதிகம் பதறும் மாணவர்களின் மார்க் அதனால் உயர்ந்தது. நம்ம ஊரில் அந்தப் பத்து நிமிஷமும் ஸ்கூல் வாசலில் நின்று ஒன் வேர்டு கேள்விகளைக் கடைசியாக ஒருமுறை ஒப்பிக்க வைப்பதில் போய்விடுகிறது.

டிப்ரஷன் வேற மாதிரி வேலை செய்யும்

பதற்றத்தில் மூளை ஓவர் டைம் பார்க்கிறது என்றால், மனச்சோர்வில் எல்லாமே மெதுவாகிவிடும். ஒரே பாராவை நான்கு முறை படித்தாலும் உள்ளே எதுவும் போகாது. கை மெதுவாக எழுதும். எல்லாக் கேள்விக்கும் பதில் தெரிந்திருந்தும் கடைசி இரண்டு ஐந்து மார்க் கேள்விகள் வெள்ளையாக விடப்பட்டிருக்கும். ஆசிரியர் அந்தப் பேப்பரில் சிவப்பு மையில் எழுதுவது 'கவனக்குறைவு'.

டீன் ஏஜ் பிள்ளைகளின் மனச்சோர்வு சினிமாவில் காட்டுவது போல அழுதுகொண்டு மூலையில் உட்காருவதாக இருக்க வேண்டியதில்லை. இந்த வயதில் அது எரிச்சலாகவும் வெளிப்படும் என்று மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் நோயறிதல் கையேடே சொல்கிறது. தட்டை நகர்த்தி வைப்பது, தம்பியிடம் எரிந்து விழுவது, கதவைச் சாத்திக்கொள்வது. நாம் இதற்கு 'திமிர்' என்று பெயர் வைத்திருக்கிறோம். அப்படியானால் வயசுக்கோளாறையும் நோயையும் எப்படிப் பிரிப்பது? எத்தனை நாளாக இருக்கிறது, எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வீட்டில் முறைத்துக்கொண்டு கிரவுண்டில் சிரித்து விளையாடினால் அவ்வளவு கவலை வேண்டாம். கிரவுண்டுக்கும் போகவில்லை, பிடித்த டீம் ஜெயித்தாலும் கண்டுகொள்ளவில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டது, இது இரண்டு வாரத்துக்கு மேல் கிட்டத்தட்ட தினமும் இருக்கிறது என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டிய நேரம்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். சோர்வு, கவனமின்மை எல்லாமே மனசிலிருந்துதான் வருகிறது என்று முடிவு கட்டவும் கூடாது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி, இந்தியாவில் 15-19 வதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. தைராய்டு பிரச்னையும் இதே முகத்தோடு வரும். டிஸ்லெக்சியா மாதிரியான கற்றல் குறைபாடு கண்டுபிடிக்கப்படாமல் பத்தாம் வகுப்பு வரை இழுத்துக்கொண்டு வந்து, அதனாலேயே பதற்றம் பிடித்த பிள்ளைகளும் உண்டு. கற்றல் குறைபாட்டுக்கு மருத்துவச் சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் உள்ளிட்ட சலுகைகள் கிடைக்கும். இது தெரியாமலேயே பலர் தேர்வை எழுதி முடித்துவிடுகிறார்கள்.

திங்கட்கிழமை வயித்துவலி

மார்க்கைவிட முன்னாடியே சிக்னல் கொடுக்கும் ஒரு இடம் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர்.

பிளஸ் ஒன் படிக்கும் ஒரு மாணவி என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு வரை நன்றாகப் படித்தவள். புது ஸ்கூல், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். முதல் கணக்கு டெஸ்ட்டில் 100-க்கு 38. அடுத்த டெஸ்ட் திங்கட்கிழமை. ஞாயிறு இரவு தூக்கம் இல்லை, காலையில் வயிற்றுவலி. நடிப்பு கிடையாது. பதற்றத்தில் குடல் நிஜமாகவே முறுக்கும். "சரி, இன்னைக்கு ஒருநாள் லீவு போடும்மா" என்கிறார் அம்மா. ஒன்பது மணி தாண்டியதும் வலி போய்விடுகிறது. அம்மாவுக்குச் சந்தேகம், மகளுக்கு நிம்மதி. பிரச்னை அந்த நிம்மதியில்தான் இருக்கிறது. 'போகாமல் இருந்தால் பயம் போய்விடும்' என்று மூளை ஒரு பாடம் கற்றுக்கொண்டுவிட்டது. மறுநாள் போனால் முந்தைய நாள் நடத்தியது புரியவில்லை, எழுதாத டெஸ்ட்டுக்கு எல்லோர் முன்னாலும் கேள்வி. அடுத்த திங்கட்கிழமை வலி இன்னும் சீக்கிரம் வரும். இரண்டு மாதத்தில் பன்னிரண்டு நாள் லீவு, நான்கு பாடங்களில் விட்ட போர்ஷன்கள். இப்போது அவள் பயப்படுவதற்கு நிஜமான காரணமும் வந்துவிட்டது.

இந்தச் சுழலை எங்கே உடைக்கலாம்? திட்டித் துரத்தி அனுப்பினாலும் உடையாது, லீவு கொடுத்துக்கொண்டே இருந்தாலும் உடையாது. காக்னிட்டிவ் பிஹேவியர் தெரபி என்ற பேச்சு சிகிச்சையில் செய்வது இதைத்தான்: பயப்படும் விஷயத்தைச் சின்னச் சின்ன படிகளாக்கி ஏற வைப்பது. முதலில் ஸ்கூலுக்குப் போனால் போதும், டெஸ்ட் வேண்டாம். அப்புறம் தனி அறையில் டெஸ்ட். அப்புறம் வகுப்பில். இதற்கு கிளாஸ் டீச்சர் ஒத்துழைக்க வேண்டும். 'உங்க பொண்ணுக்கு மட்டும் தனி ரூல் போட முடியுமா?' என்று ஸ்கூல் கேட்டால், மருத்துவர் எவ்வளவு நல்லவராக இருந்தும் பெரிய பிரயோஜனம் இல்லை.

நல்லா படிக்கிற பிள்ளையும் தப்பிப்பதில்லை

மார்க்கை மட்டுமே அளவுகோலாக வைத்திருப்பதில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. மார்க் குறையாத பிள்ளைகள். பதற்றம் சிலரைப் படிக்க விடாமல் செய்யும், சிலரை நிறுத்தாமல் படிக்க வைக்கும். 600-க்கு 580 வாங்கிய மாணவி இரவு 2 மணி வரை உட்கார்ந்து எழுதியதையே திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தாள் என்பதை 'கடின உழைப்பு' என்று பாராட்டுவோம். டீன் ஏஜ் வயதுக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது மருத்துவ பரிந்துரை. படித்தது நினைவில் பதிவதே தூக்கத்தில்தான் பெருமளவு நடக்கிறது. காலை 4 மணிக்கு எழுப்பி விடுவது, எழுதிய நோட்டை ராத்திரி அழிப்பதற்குச் சமம்.

இந்த மாதிரிப் பிள்ளைகளின் மார்க் பெரும்பாலும் ஸ்கூலில் குறையாது. கல்லூரி முதல் வருஷத்திலோ நீட்டுக்காக ஒரு வருடம் ரிப்பீட் செய்யும்போதோதான் சறுக்கும். 'ஸ்கூல்ல நல்லாத்தானே படிச்சான்' என்ற வசனத்தைக் கேட்காத குடும்பம் குறைவு.

பள்ளிகள் செய்ய வேண்டியதும் செய்துகொண்டிருப்பதும்

நியாயமாகச் சொன்னால் தமிழ்நாடு இதில் சில நல்ல காரியங்களைச் செய்திருக்கிறது. முன்பு பிளஸ் டூவில் ஃபெயில் ஆனால் ஒரு வருடம் போச்சு. இப்போது ரிசல்ட் வந்த சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதி, அதே ஆண்டு கல்லூரியில் சேரலாம். 1986-ல் சென்னையில் 'சினேகா' தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் இந்த மாற்றத்துக்காக வலியுறுத்தியவர்களில் முக்கியமானவர். 2017-ல் மாநில ரேங்க் அறிவிப்பது நிறுத்தப்பட்டது. 2017-18-ல் கொண்டுவந்த பிளஸ் ஒன் பொதுத்தேர்வைக் கைவிடலாம் என்று 2025 ஆகஸ்ட்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை சொன்னது. தேர்வு முறையை மாற்றினால் பிள்ளைகளின் மனசுக்கு நல்லது என்பதை அரசே ஏற்றுக்கொண்ட இடங்கள் இவை.

ஆனால், ரேங்க்கை அரசு நிறுத்தியதும் அது ஃபிளெக்ஸ் பேனருக்குக் குடிபெயர்ந்துவிட்டது. ரிசல்ட் அன்று செய்தித் தளங்களும் சேனல்களும் சென்டம் வாங்கியவர் வீட்டு வாசலில்தான் நிற்கின்றன. பள்ளிக்குள்ளே 'மெல்லக் கற்போர்' என்று ஒரு பட்டியல். அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்கு மாலை ஸ்பெஷல் கிளாஸ், தனி கையேடு. நோக்கம் நல்லதுதான். ஆனால், அந்தப் பட்டியலில் நிஜமாகவே மெதுவாகக் கற்பவர், அப்பா வேலை போனதால் மாலையில் கடையில் நிற்பவர், மனச்சோர்வில் இருப்பவர் மூவரும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். மூவருக்கும் ஒரே மருந்து: இன்னும் ஒரு மணி நேரம்.

2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு இங்கே முக்கியம். விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்காகத் தங்கியிருந்த 17 வயது மாணவியின் மரணம் தொடர்பான வழக்கு அது. நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு, தனிச் சட்டம் வரும்வரை நாடு முழுக்க எல்லாக் கல்வி நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் என்று சொல்லி 15 வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது. 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் இருந்தால் தகுதியுள்ள கவுன்சலர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவராவது கட்டாயம். அதற்குக் குறைவாக இருந்தால் வெளியிலுள்ள மனநல நிபுணர்களோடு முறையான தொடர்பு வேண்டும். ஊழியர்களுக்கு வருடத்துக்கு இரண்டு முறையாவது பயிற்சி. மார்க்கை வைத்து மாணவர்களை பேட்ச் பிரிப்பது, எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்துவது ஆகியவற்றைக் கூடியவரை தவிர்க்க வேண்டும், குறிப்பாக கோச்சிங் சென்டர்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை படிக்கும் ஸ்கூலில் கவுன்சலர் யார் என்று அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்கில் கேட்டுப் பாருங்கள். அவர் என்ன படித்தவர், வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், தனி அறை இருக்கிறதா என்றும் சேர்த்துக் கேளுங்கள். பல இடங்களில் 'கவுன்சலிங்' என்றால் ஹெச்.எம். ரூமில் பெற்றோரையும் பிள்ளையையும் நிற்கவைத்து அட்வைஸ் பண்ணுவது என்றுதான் இன்னும் அர்த்தம். இன்னொரு சிக்கல் ரகசியம். கவுன்சலரிடம் காலையில் சொன்னது மதியம் ஸ்டாஃப் ரூமில் பேசப்பட்டால், அந்த ஸ்கூலில் வேறு எந்தப் பிள்ளையும் அந்த அறைப் பக்கம் போகாது. பிள்ளையின் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்றால் மட்டும் பெற்றோருக்குச் சொல்லப்படும், மற்றது வெளியே போகாது. இந்த விதியை மாணவர்களுக்கு முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும்.

கவுன்சலருக்குச் சம்பளம் யார் கொடுப்பது என்ற கேள்வி அரசுப் பள்ளிகளில் வரும். வரட்டும், அரசுதான் கொடுக்க வேண்டும். ஸ்மார்ட் போர்டுக்கு பட்ஜெட் போட முடிகிற இடத்தில் ஒரு மனிதருக்கும் போட முடியும். தனியார் பள்ளிகளுக்கு இந்தச் சாக்குகூட கிடையாது. அங்கீகாரம் புதுப்பிக்கும்போது கட்டடச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று கேட்பது போல கவுன்சலர் நியமன ஆவணத்தையும் கேட்டால் பாதிப் பிரச்னை முடிந்துவிடும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் கேள்வியை மாற்றலாம். 'ஏன் மார்க் குறைஞ்சுது' என்று கேட்டால் பிள்ளை பதில் தயாரிக்கும். 'நைட் எப்ப தூங்கற?', 'மத்தியானம் யார்கூட சாப்பிடற?', 'எந்த பீரியட் வந்தா கஷ்டமா இருக்கு?' என்று கேட்டால் தகவல் கிடைக்கும். எதிரே உட்காரவைத்துக் கேட்க வேண்டியதில்லை. பைக்கில் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது, முகம் பார்க்க வேண்டாம் என்பதாலேயே, பசங்க நிறையப் பேசுவார்கள்.

போன் விஷயம். ராத்திரி 2 மணிக்கு ரீல்ஸ் பார்ப்பது தூக்கத்தைக் கெடுக்கும், உண்மைதான். தூக்கம் வராததால்தான் ரீல்ஸ் பார்க்கிறான் என்பதும் உண்மையாக இருக்கலாம். ராத்திரி போனை ஹாலில் சார்ஜ் போடுவது எல்லோருக்குமான விதியாக, அப்பாவின் போனும் சேர்த்து, இருந்தால் வேலை செய்யும். தண்டனையாகப் பிடுங்கினால் செய்யாது.

மருத்துவரிடம் போவதில் பெரிய தடை பயம்தான். 'மாத்திரைக்கு அடிமையாயிடுவான்', 'நாளைக்குக் கல்யாணம் பேசும்போது தெரிஞ்சா?' லேசான பாதிப்புக்கு பேச்சு சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். மருந்து தேவைப்பட்டால், மனச்சோர்வுக்குப் பொதுவாகக் கொடுக்கப்படும் மாத்திரைகள் போதை தருபவை கிடையாது. அதே நேரம் டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தவும் கூடாது. வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். ஆரம்ப வாரங்களில் டீன் ஏஜ் பிள்ளைகளை நெருக்கமாகக் கவனித்துக்கொள்ளவும் வேண்டும். மார்க் ஏறுவது இதற்கெல்லாம் பிறகுதான். முதலில் தூக்கம் வரும், அப்புறம் சாப்பாடு, அப்புறம் ஸ்கூல். 'ஒரு மாசமா மாத்திரை சாப்பிடறான், ரிவிஷன் டெஸ்ட்ல ஏறவே இல்லையே' என்று டாக்டரைக் கேட்பது அவசரம்.

செலவைப் பற்றி யோசிப்பவர்களுக்கு: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, சிகிச்சை இலவசம். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. போனிலேயே பேச வேண்டும் என்றால் 14416 (டெலி மானஸ், இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம்), மாநில அரசின் 104, மாணவர்களின் கல்வி தொடர்பான சந்தேகங்களுக்கு 14417, குழந்தைகள் பாதுகாப்புக்கு 1098, சினேகா மையம் 044-24640050. பிள்ளை சாவைப் பற்றிப் பேசினாலோ, எழுதி வைத்திருந்தாலோ அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். தனியாக விடாமல் கூடவே இருந்து, அன்றைக்கே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.